தென்கிழக்கே ஓடிய தீ: வீட்டுக் கணினியில் எழுதிய செல்லுலார் ஆட்டோமேட்டா நிரல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்கு மேற்கே, நாகமலையை ஒட்டிய ஒரு குடியிருப்பு. 12-ஆம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மாணவியும், பாலிடெக்னிக்கில் படிக்கும் அவளுடைய அண்ணனும் (பெரியப்பா மகன்) பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு நிரல் எழுதினார்கள். மலையில் தீ எப்படிப் பரவுகிறது என்று திரையில் காட்டும் நிரல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த செய்தி அந்த வீட்டில் இன்னும் பேசப்படும் ஒன்று. படைப்புக்கான தலைப்பு அங்கிருந்துதான் வந்தது.

வீட்டில் இருந்தது ஒரே கணினி. மாணவியின் அக்காவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. பேட்டரி செத்துவிட்டதால் கரண்ட் இருந்தால்தான் ஓடும். 12-ஆம் வகுப்புப் பாடத்தில் பைத்தான் இருப்பதால் அதிலேயே எழுதினார்கள்.

அமைப்பு எளிமையானது. 150-க்கு 150 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும்: காய்ந்த புல், தீ, சாம்பல். புல் கட்டம் தன் நான்கு பக்கத்துக் கட்டங்களைப் பார்க்கும். எரிகிற ஒவ்வொரு பக்கத்துக் கட்டமும் அதைப் பற்றவைக்க 60% வாய்ப்பு. எரிந்த கட்டம் அடுத்த அடியில் (நிரல் எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை சுற்றிவருவது ஓர் அடி) சாம்பல். செல்லுலார் ஆட்டோமேட்டா என்பதே இவ்வளவுதான்: கட்டங்கள், சில நிலைகள், அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்து மாறும் ஒரே விதி. 1940-களில் கணிதவியலாளர்கள் உலாமும் ஃபான் நாய்மனும் தாளில் யோசித்ததை இன்று பள்ளி மாணவர் ஒரு மாலைக்குள் திரையில் ஓடவிடலாம். காட்டுத்தீ மாதிரிகளில் அதிகம் பேசப்படும் டிராசல்–ஸ்வாப்ல் மாதிரி (1992) புல் மறுபடி முளைப்பதையும் மின்னல் விழுவதையும் சேர்த்துக்கொள்ளும். இவர்கள் அதற்குள் போகவில்லை. ஒருமுறை பற்றி அணைகிற தீ மட்டும்தான்.

கண்காட்சிக்கு வரும் கணினிப் படைப்புகளை முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. நிரலோடு ஒரு சார்ட்டும் கொண்டுவந்தார்கள். அதில் பெரிய எழுத்தில் இருந்த முடிவு: “தீ தென்கிழக்கே வேகமாகப் பரவுகிறது, எனவே தீத்தடுப்புக் கோட்டைத் தென்கிழக்கில் வெட்ட வேண்டும்.”

முதலில் கவனித்தவை

நிரலின் வரிகளைப் படிக்காமல் ஓடவிட்டுப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். வரிகளைப் படித்தால் எழுதியவர் நினைத்ததுதான் கண்ணில் படும். ஓடவிட்டால் நடப்பது தெரியும்.

நடுக்கட்டத்தில் தீ வைத்தோம். மேல்பக்கமும் இடப்பக்கமும் அடிக்கு ஒரு கட்டமாக ஊர்ந்த தீ, வலமும் கீழும் ஒரே அடியில் பல கட்டங்கள் தாவியது. எரிந்த பகுதி தென்கிழக்கே வால் நீண்ட வடிவில் இருந்தது. உண்மையான தீ, காற்றில் சாய்ந்து பரவுவது போலவே. இன்னொன்று: கீழ் ஓரத்தைத் தீ தொட்டதும் மேல் ஓரத்தில் சில இடங்கள் தானாகப் பற்றின. வல ஓரத்தைத் தொட்டால் இட ஓரம் பற்றியது. மாறி நடக்கவே இல்லை. மேல் ஓரம் எரிந்தபோது கீழ் ஓரம் சும்மா இருந்தது.

இரண்டுக்கும் சார்ட்டில் விளக்கம் தயாராக இருந்தது. முதலாவது, காற்றின் விளைவு. இரண்டாவது, தீப்பொறி பறந்து தொலைவில் விழுவது. வகுப்பு ஆசிரியரும் இரண்டையும் ஏற்றுக்கொண்டிருந்தார். ஏற்கக்கூடாத விளக்கங்களும் அல்ல. காற்று தீயைத் தள்ளுவதும், பொறி பறந்து புதிய இடத்தில் பற்றுவதும் மலைத்தீயில் நிஜமாகவே நடப்பவை.

காற்றுக்கு எந்த வரி எழுதியிருக்கிறாய் என்று மாணவியிடம் கேட்டேன்.

“காத்துன்னு தனியா எதுவும் எழுதலைண்ணே. அதுவா வருது.”

இந்த “அதுவா வருது” என்பதில்தான் இந்தத் துறையின் ஆபத்து இருக்கிறது. எளிய விதியிலிருந்து எதிர்பாராதது முளைக்கும் என்று சொல்லித்தான் செல்லுலார் ஆட்டோமேட்டாவை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறோம். அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டால், முளைப்பது பிழையாக இருந்தாலும் அதற்கும் கைதட்டு கிடைத்துவிடும். சம்பளக் கணக்கு நிரலில் ஒருவர் பணம் இன்னொருவர் பெயரில் ஏறினால் யாரும் வியப்பதில்லை, உடனே திருத்துவார்கள்.

எடுத்த முடிவு: தீயை நிறுத்திவிட்டு மூன்று புள்ளி

தீயில் தற்செயல் கலந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் வேறு மாதிரி வரும். “இப்படித்தான் வந்திருக்க வேண்டும்” என்று அடித்துச் சொல்ல ஒரு ஓட்டமும் உதவாது. ஆகவே விதியை மட்டும் தற்காலிகமாக மாற்றி, கணிதவியலாளர் ஜான் கான்வேயின் லைஃப் விதியைப் போடச் சொன்னேன். 1970 அக்டோபரில் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கணிதப் பத்தியில் அறிமுகப்படுத்திய விதி. எட்டுப் பக்கத்துக் கட்டங்களில் சரியாக மூன்று உயிரோடு இருந்தால் வெற்றுக் கட்டத்தில் பிறப்பு. உயிருள்ள கட்டம் இரண்டோ மூன்றோ பக்கத்துணை இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. எந்த வடிவம் எத்தனையாவது தலைமுறையில் (லைஃபில் அடிக்கு அந்தப் பெயர்) என்ன ஆகும் என்பது உலகம் முழுக்க ஒரே விடை.

ஒரு நிபந்தனை வைத்தேன்: கட்டங்களை வரிசையாகச் சுற்றிவரும் பகுதியையும் ஓரத்தைக் கையாளும் பகுதியையும் தொடக்கூடாது. சோதிக்க வேண்டியவை அவைதான்.

அண்ணன் முதலில் போட்டது இரண்டுக்கு இரண்டு சதுரம். லைஃபில் அது அசையாமல் நிற்க வேண்டும். நின்றது. “சரியாத்தான் இருக்கு” என்று மூடப் போனான். அடுத்து, படுக்கையாக மூன்று புள்ளிகள் போட்டோம். அவை அடுத்த தலைமுறையில் செங்குத்தான மூன்றாக நிற்க வேண்டும். அதற்கடுத்து மறுபடி படுக்க வேண்டும். திரையில் வந்தது நான்கு புள்ளிகள். மூன்றின் இரு முனைகளும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் மேல் வரிசையில் நடுவிலும் வலத்திலும் ஒவ்வொன்று.

நான்கு எப்படி வந்தது என்பதைத் தரையில் போட்டுப் பார்த்தோம். சாக்பீஸில் கட்டம், உயிருக்குப் புளியங்கொட்டை. நிரல் செய்கிறபடியே மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாகக் கையை நகர்த்தினாள் மாணவி. நடுக்கொட்டைக்கு நேர் மேல் உள்ள கட்டத்துக்கு மூன்று துணை; பிறப்பு; கொட்டை வைத்தாள். கை அடுத்த கட்டத்துக்கு, அதாவது வல மேலுக்குப் போனது. அதற்கு உண்மையில் இரண்டே துணை. ஆனால் சற்றுமுன் வைத்த கொட்டையும் சேர்ந்து மூன்றாகிவிட்டது. அங்கேயும் வைத்தாள். இந்த இரண்டும் இருப்பதால் கீழ் வரிசையில் நடுக்கொட்டைக்கு நான்கு துணை; அது செத்தது. அது செத்ததால் அதற்குக் கீழே பிறக்க வேண்டியது பிறக்கவில்லை.

அவள் கையை எடுக்காமலே சொன்னாள்: “புதுசா வச்சதையும் சேத்து எண்ணுதுண்ணே.”

பிழை அதுதான். பழைய பலகையைப் பார்த்துப் புதிய பலகையில் எழுதாமல், பார்க்கும் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். தீ நிரலில் இதன் பொருள்: இந்த அடியில் பற்றிய கட்டத்தை, இதே அடியில் அதன் வலப்பக்கத்துக் கட்டமும் கீழ்க்கட்டமும் எரியும் கட்டமாகப் பார்த்துவிடுகின்றன. மேல்பக்கமும் இடப்பக்கமும் உள்ளவை அடுத்த அடிவரை காத்திருக்கின்றன. காற்று வந்தது நிரல் கட்டங்களைச் சுற்றிவரும் வரிசையிலிருந்து.

சதுரம் ஏன் தேர்வில் தப்பியது என்பதையும் அதே தரையில் பார்த்தோம். அதில் எதுவும் பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை. எதுவும் மாறாத இடத்தில் எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதான்.

இது மாணவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். கார்ட்னரே 1970-இல் கையால் ஆடுகிறவர்களுக்கு இரண்டு நிறக் காய்களைச் சொல்லியிருந்தார்: சாக வேண்டியதை உடனே எடுக்காமல் அதன் மேல் இன்னொரு காயை வை, பிறப்பதை வேறு நிறத்தில் வை, எல்லாம் முடிந்தபின் மாற்று. நோவாக், மே என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் கட்டப் பலகையில் ஒத்துழைப்பவரும் ஏமாற்றுபவரும் கலந்து வாழும் அழகான வடிவங்களைக் காட்டினார்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே நொடியில் மாறாமல் ஒவ்வொன்றாக மாறினால் அந்த முடிவு நிற்பதில்லை என்று ஹியூபர்மனும் கிளான்ஸும் 1993-இல் காட்டினார்கள். எப்போது எழுதுகிறோம் என்பதும் விதியின் பகுதிதான்.

முதல் திருத்தம் பலிக்கவில்லை

அண்ணன் அன்று இரவே திருத்திக் கொண்டுவந்தான். பலகைக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் எழுதும்படி மாற்றியிருந்தான். மூன்று புள்ளி போட்டால் மறுபடி நான்கு.

பைத்தானில் பட்டியலுக்குள் பட்டியலாகப் பலகையை வைத்திருந்தார்கள். வெளிப்பட்டியலை மட்டும் நகலெடுத்தால் உள்ளே இருக்கும் வரிசைகள் நகலாவதில்லை. பழையதும் புதியதும் அதே வரிசைகளைத்தான் சுட்டும். எழுதுவது புதிய பெயரில், மாறுவது பழைய பலகை. ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே நகலெடுக்கும்படி மாற்றியதும் மூன்று புள்ளி மூன்றாக நிமிர்ந்தது, மறுபடி படுத்தது.

தீயை மட்டும் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் இந்த முதல் திருத்தத்தோடு வேலை முடிந்ததென்று எழுந்திருப்பார்கள். தீ கொஞ்சம் வேறு மாதிரிதான் வந்திருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிதானே வருகிறது.

ஓரங்கள்

அடுத்து கிளைடர். ஐந்து கட்ட வடிவம். நான்கு தலைமுறைக்கு ஒரு கட்டம் மூலைவாட்டில் நகரும். நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாக அனுப்பினோம். நடுப்பலகையில் எல்லாம் ஒழுங்காகப் போயின. மேல் ஓரத்தை முட்டியது அங்கேயே நாலு கட்டச் சதுரமாக அடங்கியது. கீழ் ஓரத்தைத் தொட்டது மட்டும் எதிரே மேல் ஓரத்தில் ஒரு புள்ளியை எழுப்பியது.

பைத்தானில் பட்டியலின் −1 ஆவது இடம் என்பது கடைசி இடம். முதல் வரிசையில் உள்ள கட்டம் தனக்கு மேலே பார்க்கப் போனால் பிழைச்செய்தி வராது. சத்தமில்லாமல் கடைசி வரிசையைப் பார்க்கும். கடைசி வரிசை தனக்குக் கீழே பார்த்தால் பிழைச்செய்தி வரும். அந்தச் செய்தி தொந்தரவாக இருந்ததால், பிழை வந்தால் கண்டுகொள்ளாதே என்று இரண்டு வரி சேர்த்திருந்தான் அண்ணன். விளைவு ஒருவழிப் பாதை: கீழே எரிந்தால் மேலே தெரியும், மேலே எரிந்தால் கீழே தெரியாது. பறந்த தீப்பொறி இதுதான்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. நான்கு ஓரங்களையும் முழுமையாக ஒட்டவைத்து, வலத்தில் போனது இடத்தில் வரும்படி செய்வது பல மென்பொருள்களில் உள்ள ஏற்பாடு, பிழையல்ல. ஆனால் மலைக்கு அது பொருந்தாது. ஆகவே பலகையைச் சுற்றி ஒரு வரிசை பாறைக் கட்டங்களை வைத்தோம். அவை பற்றுவதும் இல்லை, மாறுவதும் இல்லை. பிழையை விழுங்கும் இரண்டு வரிகளும் நீக்கப்பட்டன. இனி எங்காவது எல்லை தாண்டினால் நிரல் கத்திக்கொண்டு நிற்கட்டும் என்பதே நோக்கம்.

1103

சிறு வடிவங்கள் தேறிவிட்டன. நீண்ட ஓட்டத்துக்கு ஆர்-பென்டோமினோவை எடுத்தோம். ஐந்தே கட்டங்கள்; ஆனால் 1103 தலைமுறை கொந்தளித்து, 116 கட்டங்களோடு நிலைக்கு வரும். வழியில் எங்காவது ஒரு கட்டம் தப்பாக மாறியிருந்தால் இந்த இரண்டு எண்களும் ஒன்றாகக் கிடைக்க வாய்ப்பில்லை.

இதற்கு 150 போதாது. 69-ஆவது தலைமுறையில் முதல் கிளைடர் பிரிந்து ஓடுகிறது. அங்கிருந்து 1103 வரை, நான்குக்கு ஒன்று வீதம், சுமார் 258 கட்டம் போய்விடும். நடுவிலிருந்து 300 கட்ட தூரம் கிடைக்கும்படி 600-க்கு 600 பலகை வைத்தார்கள். பைத்தானில் அந்த மடிக்கணினிக்கு அது பெரிய சுமை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடவிட்டுவிட்டு, கரண்ட் போய்விடக்கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் உயிர்க்கட்டங்கள் 116.

ஒப்பிட்டுப் பார்க்க அதே கணினியில், செல்லுலார் ஆட்டோமேட்டாவை ஓட்டும் கோலி (Golly) மென்பொருளையும் நிறுவியிருந்தார்கள். ஆண்ட்ரூ டிரெவாரோவும் தாமஸ் ரொக்கிக்கியும் 2005-இல் தொடங்கிய இலவச, திறமூல மென்பொருள். தலைமுறை எண்ணும் உயிர்க்கட்டத் தொகையும் சாளரத்திலேயே தெரியும். அதிலும் 1103, 116. ஒரு மூச்சு நேரத்தில். பில் காஸ்பர் 1984-இல் வெளியிட்ட ஹாஷ்லைஃப் முறையும் அதில் உண்டு. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுவதால் பழைய கணினியிலும் கோடிக்கணக்கான தலைமுறைகளைத் தாண்டும்.

அப்படியானால் தீயையும் கோலியிலேயே போட்டுவிடலாமே என்று அண்ணன் கேட்டான். கோலியின் விதிகளில் தற்செயலுக்கு இடமில்லை. 60% வாய்ப்பு என்பதை நேராகச் சொல்ல முடியாது. யூரி விலென்ஸ்கி 1999-இல் உருவாக்கிய நெட்லோகோ என்ற மாதிரியமைப்பு மென்பொருளில் தீ மாதிரி ஆயத்தமாகவே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் கண்காட்சியில் காட்ட இவர்களுடையது என்று எதுவும் இருக்காது. சொந்த நிரலையே வைத்துக்கொள்வதென்று முடிவானது.

தீக்குத் திரும்பியபோது

தீ விதியை மறுபடி பொருத்தி, நடுவில் வைத்த தீ நான்கு ஓரங்களையும் எப்போது எட்டுகிறது என்று பல ஓட்டங்களுக்குக் குறித்து சராசரி எடுத்தார்கள். நான்கும் ஒட்டி வந்தன. காற்று போய்விட்டது. பொறியும் போய்விட்டது.

எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. மொத்தத்தில் எரிந்த பரப்பு, ஓரத் தாவலைக் கழித்துவிட்டால், பழைய நிரலிலும் புதியதிலும் ஏறக்குறைய ஒன்றே. யோசித்தால் காரணம் புரியும். பிழையான நிரலிலும் எரியும் ஒரு கட்டம் தன் ஒவ்வொரு பக்கத்துக் கட்டத்தையும் பற்றவைக்க ஒரே ஒரு வாய்ப்புத்தான் பெறுகிறது. வலத்துக்கும் கீழுக்கும் அதே அடியில், இடத்துக்கும் மேலுக்கும் அடுத்த அடியில். எது எரியும் என்பது மாறவில்லை, எப்போது எரியும் என்பதுதான் குலைந்திருந்தது. நான்கு பக்கத் தொடர்புள்ள சதுரப் பலகையில் வாய்ப்பு 50%-ஐத் தாண்டினால்தான் தீ தூரம் போகும் என்பது நன்கு தெரிந்த முடிவு. ஹாரி கெஸ்டன் 1980-இல் நிறுவியது. அதை வைத்துச் சரிபார்த்திருந்தால் பழைய நிரலும் பெரிய சந்தேகம் கிளப்பாமல் தேறியிருக்கும். சார்ட்டின் முடிவோ முழுக்க வேகத்தையும் திசையையும் நம்பி நின்றது.

60% என்ற எண்ணும் பிழைக்கு மறைவிடம் கொடுத்திருக்கிறது. வலமும் கீழும் மட்டுமே போகும் தீ நிற்காமல் ஓட சுமார் 64.5% வாய்ப்பு வேண்டும். 60% அதற்குச் சற்றுக் கீழே இருப்பதால் ஒவ்வொரு தாவலும் சில கட்டங்களில் நின்று, காற்று போலத் தோன்றியது. 80% வைத்திருந்தால் முதல் அடியிலேயே தென்கிழக்குக் கால்பகுதி பெரும்பாலும் சிவந்திருக்கும். முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

கண்காட்சியில்

பழைய முடிவை எடுத்துவிட்டு, பிழையான ஓட்டத்தையும் சரியானதையும் அடுத்தடுத்துக் காட்டும் படங்களைச் சார்ட்டில் ஒட்டினார்கள். மூன்று புள்ளி நான்கான படமும் இருந்தது. நடுவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், பரிசு கிடைக்கவில்லை. பார்வையாளராக வந்த வனத்துறை ஊழியர் ஒருவர்தான் அதிக நேரம் நின்றவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: “மலைன்னு சொல்றியேம்மா, இதுல மேடு எங்க?”

சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும் என்று அவரே சொன்னார். எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். இவர்கள் பலகை தட்டையானது. மாணவி அதை அப்படியே ஒப்புக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் நிரலில் சரிவுக்கும் காற்றுக்கும் தனித்தனி எண்கள் சேர்க்கப்பட்டன.

மாற்ற வேண்டியவை

அடுத்த முறை இப்படி ஒரு படைப்பு வந்தால் தீயோ நோயோ நெரிசலோ, விதி எழுதும் முன்பே வெற்று நிரலில் மூன்று புள்ளியையும் நான்கு திசைக் கிளைடரையும் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். அரைமணி நேர வேலை. சதுரம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். காற்று என்ற எண் முதல் நாளிலிருந்தே நிரலில் இருக்க வேண்டும், மதிப்பு சுழியமாக இருந்தாலும். அப்போது, சுழியத்திலும் தீ சாய்ந்தால் கேள்வி தானாக எழும். தற்செயல் எண்களின் தொடக்க விதையை (அதே எண் வரிசையைத் திரும்பப் பெற உதவும் எண்) சேமித்து வைக்காததால் முதல் நாள் பார்த்த அதே ஓட்டத்தைத் திரும்பக் காட்ட முடியாமல் போனது; அதற்கு ஒரு வரி போதும். சார்ட்டில் “நிமிடம்” என்ற சொல் வரக்கூடாது. நிரலுக்குத் தெரிந்தது அடி மட்டுமே. ஒரு கட்டம் எத்தனை மீட்டர், ஓர் அடி எவ்வளவு நேரம் என்று அளந்து பொருத்தாத வரை அதை நேரமாக்க முடியாது.

சரிவுக்கு என்ன எண் கொடுப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. வனத்துறை ஊழியர் சொன்னதில் திசை இருந்தது, அளவு இல்லை. கோடையில் நாகமலைச் சரிவில் புல் பற்றும்போது வீட்டு மாடியிலிருந்து கைபேசியில் படமெடுத்து, தீ ஏறும் வேகத்தை அளக்கலாமா என்று மாணவி கேட்டிருக்கிறாள். அதுவரை நிரலில் அந்த எண்ணின் மதிப்பு சுழியம்.